அலைந்த குறி

மலாயாவின் அவசரகால வரலாற்றை எழுதுவோர், 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட்டில் தோட்ட நிருவாகிகள் மூவர் கொல்லப்பட்டதில் தொடங்கி, பிரிக்ஸ் திட்டம், புதுக்கிராமங்கள் என்று விரித்துரைப்பர். படைவீரன் தோளில் தொங்கிய கருவியைப் பற்றி ஒரு பத்தி எழுதுவோரும் அரியர். அவ்வாண்டு ஜூலையில் சிலாங்கூரின் பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கம் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. கிள்ளான் பள்ளத்தாக்கின் ரப்பர்த் தோட்டங்களில் லயங்களிலே குடியிருந்த நம் மக்களுக்கு, காக்க வந்தவன் துப்பாக்கி குறி தவறாமற் சுடுமா என்பது உயிரைப் பற்றிய வினா.

அக்காலப் படைவீரர் பலரிடம் இருந்தது, 'ஜங்கிள் கார்பைன்' என்னும் பெயரால் அறியப்பட்ட லீ என்பீல்டு 5ஆம் எண் துப்பாக்கி. ஒவ்வொரு முறை சுட்டபின்னும் கையால் தாழை இழுத்துத் தோட்டாவை ஏற்ற வேண்டிய வகை அது. முன்னிருந்த 4ஆம் எண் துப்பாக்கி ஏறத்தாழ 4 கிலோ எடையுள்ளது. புதர்க்காட்டில் அதன் நீளமும் இடையூறு. ஆகவே 1944இல் குழலைக் குறுக்கி, கட்டையைச் செதுக்கி, இரும்பு உடற்பகுதியிலும் ஆங்காங்கே உலோகத்தை வழித்தெடுத்து, 3 கிலோவுக்குச் சற்றே மிகும்படி இதனைச் செய்தனர். குழல் குறுகவே வெடிச்சுடர் கண்ணைக் கூசச் செய்தது. அதற்காக வாயிலே கூம்பு ஒன்றைப் பொருத்தினர். எடை குறைந்ததால் உதைப்பு மிகுந்தது. அதற்காக அடிக்கட்டையில் ரப்பர் வைத்தனர். ஒரு குறைக்கு மருந்திட்டால் மறு குறை தலைகாட்டிய கதைதான்.

இவை யாவும் பொறுக்கக்கூடியவை. பொறுக்க இயலாத குறை வேறொன்று. இன்று இலக்குக்கு நேராகக் குறிகாட்டியைச் சரிசெய்து வைத்தால், சில நாள் கழித்து அதே துப்பாக்கி வேறிடத்தில் சுடுகிறது என்று முறையீடுகள் எழுந்தன. ஆங்கிலத்தில் இதற்கு இட்ட பெயரைத் தமிழில் 'அலையும் குறி' எனலாம். எப்போதும் ஒரே பக்கம் விலகும் துப்பாக்கியைத் திருத்திவிடலாம். விலகும் திசையே மாறினால் திருத்துவது எங்ஙனம்? கட்டையின் பொருத்தத்தை மாற்றிப் பார்த்தனர், பயனில்லை. அமைப்பிலேயே உள்ள குறை என்று கூறி 1947இல் உற்பத்தியை நிறுத்தினர். ஆயினும் செய்துவைத்தவற்றைக் களையவில்லை. அவசரகாலம் மூண்டபோது மலாயாக் காட்டுக்குள் வந்தவை அவைதாம்!

காரணம் யாது? உலோகத்தை வழித்தெடுத்ததால் உடல் வலுவிழந்து, சுடும் அதிர்ச்சியில் நெளிகிறது என்பது ஒரு கருத்து. குழலைத் தாங்கும் மரக்கட்டை ஈரத்தில் பருத்தும் வெப்பத்தில் சுருங்கியும் குழலை அழுத்துகிறது என்பது மற்றொன்று. மழைக்காலத்தில் வீட்டுக் கதவு நிலையோடு இறுகுவதை அறிந்தோர்க்கு இது விளங்கும். மூன்றாவதாக ஒரு கருத்தும் உண்டு: படைத்தலைமை தானேற்றுத் துப்பாக்கியையே விரும்பியது, பழையதைக் கைவிட இக்குறை வாய்ப்பாயிற்று என்பது. பிற்காலத்தில் இத்துப்பாக்கிகளை வாங்கிச் சுட்டுப் பார்த்த பலர் அத்தகைய அலைவைக் காணவில்லை என்பது இதற்குச் சார்பாகக் காட்டப்படுவது. எனினும் வறண்ட மைதானத்தில் மேசைமேல் ஊன்றிச் சுட்டவர் கூற்றை, நனைந்த காட்டில் வாரக்கணக்கில் சுமந்தவன் கூற்றுக்கு எதிர்ச்சான்றாக நான் ஒப்பேன்.

1954இல் பிரிட்டன் தேர்ந்த எல்1ஏ1 என்னும் தானேற்றுத் துப்பாக்கி, அப்பத்தாண்டின் பிற்பகுதியில் படைகளுக்கு வரலாயிற்று. வெடிவாயு ஒரு தண்டைத் தள்ள, அதன் விசையால் பழைய கூடு வெளியேறிப் புதுத் தோட்டா ஏறும். கரி படிந்தால் வாயுவின் விசை குறைந்து கூடு சிக்கும். ஆனால் அதற்கென ஒரு சீராக்கி வளையம் குழலருகே இருந்தது. அதைச் சிறிது திருப்பி மிகுந்த வாயுவை விட்டால், துடைக்க நேரம் வாய்க்கும்வரை துப்பாக்கி இயங்கும். குறையும் வெளிப்படை, திருத்தமும் வீரன் விரல்நுனியில். ஆயினும் 1960 ஜூலை 31ஆம் நாள் அவசரகாலம் முடிவுற்றபோது, அதன் கடும்போர் ஆண்டுகள் பழைய கார்பைனோடு கழிந்துபோயிருந்தன.