மலைக்குப் போறது: எங்க ஆளுக நடந்த வரலாறு

தோட்டத்தில் "மலைக்குப் போறோம்" என்றால் வேலைக்குப் போகிறோம் என்று அர்த்தம். இப்போது அதே மலைகளுக்கு, கொழுந்துக்கூடை இல்லாமல் முதுகுப்பையோடு வேறு ஆட்களும் வருகிறார்கள். கண்டி ஹந்தானையில் தொடங்கி ஹட்டன், பொகவந்தலாவை, ஹப்புத்தளை, எல்ல எனச் சுற்றி நுவரெலியாவில் முடிகிறது 'பீக்கோ ட்ரெயில்'. 22 கட்டங்கள், 300 கிலோமீற்றருக்கும் மேல். பெரும்பகுதி அந்தக் காலத்துத் தோட்டப் பாதைகள்.

அந்தப் பாதைகளை வெட்டியது யார்?

கோப்பிக் காலத்தில் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் பக்கமிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டுக்குள்ளால் மாத்தளை வரை நடந்தார்கள். கொலராவும் பசியும் வழியிலேயே பலரைக் கொண்டுபோயின. வந்து சேர்ந்தவர்கள் காட்டை அழித்தார்கள், பாதை போட்டார்கள், கோப்பி பறித்தார்கள். அறுவடை முடிந்ததும் பலர் அதே வழியில் ஊருக்குத் திரும்பினார்கள்.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் கோப்பி இலையில் நோய் விழுந்தது. பிறகு படிப்படியாக மலையெல்லாம் தேயிலை. இந்த மாற்றத்தை 'பயிர் மாறியது' என்று மட்டும் படித்துவிட்டுப் போகிறோம். கோப்பிக்குப் பருவம் உண்டு. தேயிலைக்கு வருடம் முழுக்கக் கொழுந்து எடுக்க ஆள் வேண்டும். அதனால் நடந்து வந்தவர்கள் குடும்பத்தோடு லயத்தில் தங்க வேண்டியதாயிற்று. 1884இல் ரயில் ஹட்டனுக்கும், அடுத்த வருடம் நானுஓயாவுக்கும் வந்தது. தேயிலை சுலபமாக இறங்கிப் போனது. பறித்தவர்களால் அப்படிப் போக முடியவில்லை. 'இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆளை விடுவோம்' என்று எழுதிய துண்டு இல்லாமல் பக்கத்துத் தோட்டத்திலும் சேர முடியாது. துண்டு முறை ஒழிந்தது 1921இல்தான்.

பிறகு 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் எங்க ஆளுகளை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டது. நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், பிறந்த மலையை விட்டு ரயிலேறி மறுபடி மன்னார்ப் பக்கம் போனார்கள்.

2023இல், வந்து 200 வருடம் ஆனதை நினைத்து, 'மாண்புமிகு மலையக மக்கள்' நடைபயணம் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குப் போனது. ஜூலை 28இல் தொடங்கி ஓகஸ்ட் 12இல் முடிந்தது. இந்த முறை கேட்டது வேலை இல்லை. காணி, வீடு, சம உரிமை.

சுற்றுலாப் பாதைக்கு நாங்கள் எதிரி இல்லை. யாரும் வரட்டும், நடக்கட்டும், எங்கள் கடைகளில் பிளேன்டீ குடிக்கட்டும். ஆனால் வழிகாட்டிப் பலகையில் பங்களாவும் துரைமார் பேரும் மட்டும் இருந்தால் அது பாதி வரலாறுதான். தோட்டத்துக்குத் தோட்டம், மலைக்கு மலை எங்க ஆளுக வைத்த தமிழ்ப் பேர்கள் இருக்கின்றன. அவை வயதானவர்களின் வாயில்தான் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அடுத்த லீவுக்கு வீட்டுக்குப் போகும்போது ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு, தாத்தாவிடமோ அம்மாயியிடமோ கேட்டு எழுதுங்கள்: எந்த மலைக்கு என்ன பேர், எந்தக் குறுக்குப் பாதை எங்கே போகும், அதை யார் வெட்டினார்கள் என்று. வழிகாட்டிகளாக எங்கள் பிள்ளைகளே வேலைக்குப் போகும் நாளில், சொல்வதற்கு எங்கள் கதை கையில் இருக்க வேண்டும்.