பொட்டிப்புரம் நியூட்ரினோ: கதிர்வீச்சு அல்ல, கல்லும் தண்ணீரும்தான் கேள்வி

போடி மேற்கு மலையடிவாரத்தில் உள்ள பொட்டிப்புரத்தின் பெயரை நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தால்தான் நம்மில் பலர் அறிந்தோம். திட்டம் என்றதும் பலருக்கும் கதிர்வீச்சு பயம். உண்மையில் நியூட்ரினோ துகள்கள் சூரியனிலிருந்து ஒவ்வொரு நொடியும் கோடிக்கணக்கில் நம் உடலைக் கடந்து செல்கின்றன. நம்மை ஒன்றும் செய்வதில்லை. நாம் கேட்க வேண்டியது வேறு: மலையைக் குடைந்தால் வெளிவரும் கல் எங்கே போகும்?

பிற துகள்களை வடிகட்ட ஒரு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பாறை மூட்டம் வேண்டும். அதற்காகவே அம்பரப்பர் மலை தேர்வானது. சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கப்பாதை, அதன் முடிவில் 132 மீட்டர் நீளக் குகை, உள்ளே 50,000 டன் இரும்புக் கருவி என்பது திட்டம். வெடிவைத்து வெளியே கொண்டுவர வேண்டிய பாறை சுமார் 6 லட்சம் டன்.

இது தாதுச் சுரங்கத்தின் நச்சுச் சேறு அல்ல. இரண்டையும் ஒன்றாகப் பேசுவது நியாயமில்லை. ஆனாலும் குவித்து வைத்த கல்தூளை ஒரு பெருமழை ஓடையில் இறக்கிவிடும், கண்மாய் மேடாகும், வெடிமருந்தின் நைட்ரேட் எச்சம் நீரில் கலக்கலாம். இந்த மலை சாம்பலாறு, கொட்டகுடி ஆறுகளின் நீர்ப்பிடிப்பு. அந்த நீர் வைகைக்குப் போகிறது. வைகை அணையை நம்பி தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்கள் இருக்கின்றன. ராமநாதபுரத்துக்கும் போடி மலைக்கும் என்ன சம்பந்தம் என்று இனி கேட்க வேண்டாம்.

நச்சுச் சேறு கரை உடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு பிரேசிலே சாட்சி. 2015 நவம்பர் 5 அன்று மரியானாவில் இரும்புச் சுரங்கக் கழிவணை உடைந்து 19 பேர் இறந்தனர். சேறு டோசே ஆறு வழியே 600 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக் கடலில் கலந்தது. அந்த ஆற்றை 'வாட்டு' என்றழைத்து வாழ்ந்த கிரெனாக் பழங்குடியினர் குடிக்கவும் மீன் பிடிக்கவும் வழியின்றி நின்றனர். 2019 ஜனவரியில் புருமாடின்யோவில் இன்னோர் அணை உடைந்து 270 உயிர்கள் போயின. நம் நாட்டிலும் 2006 டிசம்பரில் ஜார்க்கண்டின் ஜாதுகோடாவில் யுரேனியக் கழிவுக் குழாய் வெடித்து, ஆதிவாசி கிராமத்து ஓடையில் சேறு கலந்தது.

தேனி மலைகளிலும் பளியர்களும் முதுவர்களும் இருக்கிறார்கள். பொட்டிப்புரம் மக்களின் கவலையோ மேய்ச்சலும் கிணறும். ஆய்வகத்துக்கு மத்திய அமைச்சரவை 2015 ஜனவரியில் சுமார் 1,500 கோடி ரூபாயில் ஒப்புதல் தந்தது. அதே ஆண்டு மார்ச்சில், வைகோ தொடுத்த வழக்கில், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை பணிகளை நிறுத்தியது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டும் என்றது. பூவுலகின் நண்பர்கள் அமைப்பு பசுமைத் தீர்ப்பாயம் சென்றது. கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருப்பதால் 2017 மார்ச்சில் சுற்றுச்சூழல் அனுமதி நிறுத்திவைக்கப்பட்டது. மறு ஆண்டே 'சிறப்பு நேர்வு' என்று மீண்டும் அனுமதி வந்தது. (சிறப்பு நேர்வு என்றால் மலைக்கும் ஓடைக்கும் விதி மாறுமா என்ன?) தீர்ப்பாயம் 2018 நவம்பரில் அந்த அனுமதியை ஏற்றாலும், தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதலைக் கட்டாயமாக்கியது.

வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருக்க, 2022 பிப்ரவரியில் தமிழக அரசு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்து, புலிகளின் வழித்தடத்தையும் வைகையின் நீர்ப்பிடிப்பையும் காரணம் காட்டி, இந்த இடத்தில் ஆய்வகத்தை அனுமதிக்க முடியாது என்றது.