வாரத்துக்கு வந்த ஆடு

ஆட்டைப் பிடிக்காத மனுசன் சேரியில் யாராவது உண்டா? குட்டி போட்ட வீட்டில் ரெண்டு நாளைக்குப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாது. பிறந்த ஈரம் காயுமுன்னே எழுந்து நிற்கும், தள்ளாடும், விழும். நாலாம் நாள் திண்ணையில் ஏறிக் குதிக்கும். மழை ரெண்டு தூறல் போட்டால் முதலில் வீட்டுக்கு ஓடி வருவது ஆடுதான். தண்ணியில் தூசி கிடந்தால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். பின்னங்கால் ரெண்டில் நின்று கருவேலங்கொப்பை எட்டிப் பிடிக்கும்போது பார்க்கணும், அதற்குத்தான் என்ன கௌரவம்! எங்கள் கரிசல் பக்கத்துக் கன்னி ஆடு நல்ல கறுப்பு. முகத்தில் ரெண்டு பக்கமும் வெள்ளைக் கோடு இழுத்திருந்தால் பால்கன்னி. கோடு செவலையாக இருந்தால் செங்கன்னி.

இந்த அழகை மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கும் ஆசைதான். ஆனால் நான் முதன்முதலில் கொஞ்சிய ஆடு எங்களுடையது அல்ல. வாரத்துக்கு வந்தது.

ஊர்த் தெரு சம்சாரி ஒருவர் பெட்டைக்குட்டி ஒன்றை அம்மாவிடம் விட்டார். மேய்ப்பது, குழை ஒடிப்பது, ராத்திரி நரிக்குக் காவல் இருப்பது எல்லாம் எங்கள் பாடு. போடுகிற குட்டியில் பாதி அவருக்கு. ரெண்டு குட்டி போட்டால் அவர்தான் முதலில் கை வைப்பார். கை எப்போதும் பெட்டையில்தான் விழும். கிடா எங்களுக்கு. கிடா கறியாகும், காசாகும், பெருகாது. ஆடு செத்துப்போனால் தோலைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும், இல்லையென்றால் தின்றுவிட்டோம் என்பார்கள்.

பின்னாளில் சோழர் கல்வெட்டுகளைப் படித்தபோது அந்தத் தோல்தான் ஞாபகம் வந்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்கு அணையாமல் எரிய 96 ஆடு. அதைப் பெற்றுக்கொண்ட இடையர் நாளொன்றுக்கு ஒரு உழக்கு நெய் அளக்க வேண்டும். இப்படிக் கொடுத்த ஆட்டுக்குச் சோழர் கல்வெட்டுகள் வைத்த பெயர் 'சாவா மூவாப் பேராடு'. சாகாது, கிழடாகாது. ஆடு சாகாமல் இருக்குமா? செத்ததற்கு ஈடாகக் குட்டியைச் சேர்த்துக் கணக்கை நிரப்புவது மேய்ப்பவன் பொறுப்பு என்று அர்த்தம். கல்வெட்டு அறிஞர்கள் இந்தச் சொல்லின் அழகை ரசித்து எழுதுகிறார்கள். ஆயிரம் வருசமாக நட்டம் யார் தலையில் விழுந்தது என்றுதான் எனக்குப் படிக்க வருகிறது. அந்தக் கோயிலுக்குள் எங்கள் சனம் கால் வைக்க 1939 வரை காத்திருந்தது தனிக்கதை.

ஏன் ஆடு? மாட்டுக்கு வைக்கோல் வேண்டும், வைக்கோலுக்கு வயல் வேண்டும். ஆட்டுக்கு ஒரு துரட்டி போதும். நிலமில்லாதவன் சொத்து நாலு காலில் நடந்துதான் ஆக வேண்டும். அது மேலத்தெருவுக்கும் தெரிந்திருந்தது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் ஜில்லாவில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். நகை கூடாது, சட்டை கூடாது, குடை கூடாது, செருப்பு கூடாது, மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. மீறிய இடங்களில் குடிசைக்குத் தீ வைத்தார்கள், தானியத்தை அழித்தார்கள், கால்நடைகளைக் கொள்ளையடித்தார்கள். ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். என்ன கால்நடை என்று அவர் பிரித்துச் சொல்லவில்லை. சேரியில் ஓட்டிக்கொண்டு போக வேறு என்ன இருந்திருக்கும்? பெரும்பாலும் ஆடுதான் என்று நினைக்கிறேன்.

1931 ஜூனில் தடை பதினொன்றானது. அதில் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பப் படிப்பேன். பிள்ளைகள் படிக்கக் கூடாது, மிராசுதார்களின் கால்நடையை மட்டும் மேய்க்க வேண்டும். இன்னொன்று, நிலத்தை வாரத்துக்கு எடுத்துப் பயிர் செய்யக் கூடாது. மேய்க்கத் தடை இல்லை, கவனியுங்கள். மேய்ப்பது கட்டளை. ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டு நிற்கும் சிறுவன் படத்தைக் காலண்டரில் பார்த்து நீங்கள் ரசிக்கலாம். எனக்கு அந்தப் பிள்ளை எந்த வகுப்பிலிருந்து நிறுத்தப்பட்டவன் என்று கேட்கத் தோன்றும். கொங்குப் பண்ணையத்தில் ஆடு மேய்த்த அப்படிப்பட்ட பிள்ளைகளைத்தான் பெருமாள்முருகன் 2000-இல் 'கூளமாதாரி' நாவலில் எழுதினார்.

சட்டமும் ஆட்டை விடவில்லை. 1871-ஆம் வருசத்துக் கால்நடை அத்துமீறல் சட்டம் கால்நடை எவையெவை என்று பட்டியல் போடுகிறது. யானையும் அதில் உண்டு, வெள்ளாட்டுக் குட்டியும் உண்டு. அடுத்தவர் வெள்ளாமையில் வாய் வைத்தால் பவுண்டில் அடைக்கலாம். தண்டம் கட்டி மீட்க வேண்டும், கேட்க ஆளில்லாவிட்டால் ஏலம். ஒருநாள் எங்கள் கிடாவைப் பருத்திக்காட்டிலிருந்து ஓட்டிக்கொண்டு போனார்கள். அம்மா ரெண்டு நாள் களையெடுத்த கூலி தண்டத்துக்குப் போனது. அதே சம்சாரியின் ஆடு நாங்கள் குடிசைக்குப் பின்னால் போட்ட அவரையை மொட்டையடித்தபோது அம்மா கையில் குச்சியை வைத்துக்கொண்டு சும்மா நின்றாள். அந்த ஆட்டை ஓட்டிக்கொண்டு பவுண்டு வரைக்கும் எங்களில் யார் நடக்க முடியும்?

அந்தக் கிடாவை விற்றுத்தான் விடுதிக்கு எனக்குத் தகரப்பெட்டி வாங்கினாள். வியாபாரி கயிற்றை இழுக்க, அது நாலு காலையும் ஊன்றிக்கொண்டு என்னைத்தான் பார்த்தது. நான் போய்க் கட்டிக்கொண்டேன். "விடுய்யா, நீ போயி மேய்க்காத எடத்துல இரு" என்றாள்.

2011-இல் நிலமில்லாத பெண்களுக்கு ஆளுக்கு நாலு ஆடு விலையில்லாமல் தரும் திட்டத்தை அரசு தொடங்கியது. மறுவருசம் என் மதினிக்குக் கிடைத்தது. வேனிலிருந்து இறக்கியதும் அம்மா ஒவ்வொன்றையும் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தாள், மடியைத் தடவினாள். மூணு பெட்டை. அப்புறம் என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டாள்.

"ஏய்யா, இதுல வாரம் யாருக்கு?"

யாருக்கும் இல்லை என்றேன். நம்பவில்லை. மதினியிடம் போய் மறுபடியும் கேட்டாள்.