எல்லைப்புற ஊராட்சிகளில் பொதுப்பணமும் தற்சார்பும்: சித்தூர், தேவிகுளம் வட்டங்களை முன்வைத்து

முன்னுரை

கேரள மாநிலத்தின் கிழக்கெல்லையில் அமைந்த பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டமும் இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம் வட்டமும் தமிழ் பேசுவோர் செறிந்து வாழும் பகுதிகளாகும். முன்னது பாலக்காட்டுக் கணவாயின் மழை குறைந்த சமவெளி; நெல்லும் நிலக்கடலையும் தென்னையும் விளையும் வேளாண் நிலம். பின்னது தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த உயர்மலைப் பகுதி. முன்னது பழைய கொச்சி அரசையும் பின்னது திருவிதாங்கூர் அரசையும் சார்ந்திருந்தன. நில அமைப்பாலும் தொழிலாலும் வேறுபட்ட இவ்விரு பகுதிகளையும் மொழியும் எல்லை அரசியலும் இணைத்தன.

இப்பகுதிகளைப் பற்றிய வரலாற்று எழுத்துகள் பெரும்பாலும் 1956 ஆம் ஆண்டின் மொழிவழி எல்லைச் சிக்கலையே மையமாகக் கொள்கின்றன. எல்லை முடிவானபின் அங்கு வாழ்ந்த மக்கள் அரசின் செலவு, உள்ளூர் ஆட்சி, தற்சார்பு ஆகியவை குறித்துக் கொண்டிருந்த எண்ணங்கள் அத்துணைக் கவனம் பெறவில்லை. இத்தகைய அன்றாடக் கருத்துகள் ஏடுகளில் பதிவாவது அரிது. எனினும் ஊராட்சித் தீர்மானம், வாக்கு, வேலைநிறுத்தம், வழக்கு ஆகியவற்றின் வழியே அவை புறத்தே வெளிப்படுகின்றன. அவ்வெளிப்பாடுகளைக் கொண்டு, இம்மக்கள் தற்சார்பு என்பதை எவ்வாறு பொருள் கொண்டனர் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

எல்லைச் சிக்கலும் அதன் எச்சமும்

திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தமிழகத்தோடு இணைக்கக் கோரிய வட்டங்களில் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை முதலியவற்றோடு தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் ஆகியனவும் அடங்கியிருந்தன. 1954இல் தேவிகுளம் பகுதியில் தடையை மீறிப் போராடிய நேசமணி உள்ளிட்ட தலைவர்கள் கைதாயினர். 1955இல் அறிக்கை அளித்த மாநிலச் சீரமைப்பு ஆணையம் தெற்கே நான்கு வட்டங்களையும் செங்கோட்டையையும் சென்னை மாநிலத்திற்குப் பரிந்துரைத்தது. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களின் தமிழ் மக்களுள் பலர் தோட்ட வேலைக்காகக் குடிபெயர்ந்து வந்தவர் என்பதையும், அப்பகுதியின் பொருளாதார முதன்மையையும் கருத்திற்கொண்டு அவற்றை மலையாள மாநிலத்திலேயே நிறுத்தியது. சித்தூரும் அவ்வாறே நின்றது. 1956 நவம்பர் 1 அன்று இவை கேரளத்தின் பகுதிகளாயின.

இம்முடிவில் ஒரு கருத்து உள்ளுறைந்திருந்தது. மலையில் உழைப்போர் வந்து செல்வோர். ஆகவே அம்மலையின் வளம் குறித்து முடிவெடுப்பதில் அவர்களின் குரல் இரண்டாம் நிலையினது என்பதே அது. பின்வந்த அரை நூற்றாண்டின் உள்ளூர் அரசியலை இக்கருத்திற்கு எதிரான நீண்ட மறுமொழி எனக் கொள்ள இடமுண்டு.

அம்மறுமொழி எல்லைப் போராட்டத்தின் வடிவில் நெடுநாள் தொடரவில்லை. கட்சி அரசியலுக்குள்ளும் தொழிற்சங்கத்திற்குள்ளும் நுழைந்தது. 1957இல் தேவிகுளம் தொகுதியில் வென்ற ரோசம்மா புன்னூஸின் தேர்தல் செல்லாதென முடிவானபின், 1958இல் நடந்த இடைத்தேர்தலில் அவர் மீண்டும் வென்றார். அத்தேர்தலில் பாவலர் வரதராசன் தோட்டத் தொழிலாளரிடையே தமிழ்ப்பாடல்களால் வாக்குக் கேட்டமை பலரும் அறிந்த செய்தி. அதே ஆண்டு அக்டோபரில் மூணாற்றுத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் இருவர் உயிரிழந்தனர். தாம் வாக்களித்து அமைத்த ஆட்சியிலும் தம் குரல் எட்டாத இடம் உண்டு என்பதை மலைமக்கள் அவ்வாண்டிலேயே கண்டனர்.

மக்கள் திட்டமும் பொதுப்பணம் பற்றிய பார்வை மாற்றமும்

கேரள ஊராட்சிச் சட்டம் 1960இல் இயற்றப்பெற்றது. அறுபதுகளின் தொடக்கத்தில் நடந்த தேர்தலுக்குப்பின் 1979 வரை ஊராட்சித் தேர்தல் நடைபெறவில்லை. ஊராட்சி என்பது தெருவிளக்கும் சிறுபாதையும் பார்க்கும் அமைப்பாக இருந்த அக்காலத்தில், பெருஞ்செலவுகள் யாவும் திருவனந்தபுரத்தில் முடிவாயின. அரசின் பணம் என்பது மேலிருந்து அருளப்படுவது, அதனைப் பெற்றுத்தருபவரே நல்ல தலைவர் என்னும் எண்ணம் இச்சூழலில் வேரூன்றியது இயல்பே.

அரசியல் சட்டத்தின் 73ஆம் திருத்தத்தை ஒட்டி 1994இல் கேரள ஊராட்சி அரசுச் சட்டம் வந்தது. 1996 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்க முடிவு செய்தது. ஒவ்வொரு வார்டின் வாக்காளர் அனைவரும் கிராமசபையின் உறுப்பினராயினர். வாக்காளருள் பத்தில் ஒரு பங்கினர் கூடினாலன்றிச் சபை நிறைவெண் பெறாது. பயனாளிகளின் பட்டியல் சபையில் வைக்கப்பட வேண்டும் என்பதும், பணிகளை ஒப்பந்தக்காரருக்கு விடாமல் பயனாளிகள் குழுவே செய்யலாம் என்பதும் விதிகளாயின. 1998இல் தொடங்கப்பெற்ற குடும்பஸ்ரீ, அயல்கூட்டங்களின் சிறுசேமிப்பைக் கொண்டு பெண்களை இவ்வமைப்போடு பிணைத்தது.

இம்மாற்றத்தால் விளைந்த முதன்மையான பயன் கணக்குக் கேட்கும் பழக்கமாகும். சாலைக்கு எவ்வளவு, கிணற்றுக்கு எவ்வளவு, யாருக்கு வீடு, யாருக்கு ஆடு என்பன ஊரார் நடுவே பேசுபொருள்களாயின. குறைகளும் இருந்தன. கட்சிச் சார்பு பட்டியலில் புகுந்தது. பயனாளிகள் குழுவின் பெயரில் ஒப்பந்தக்காரரே வேலை செய்வதும் நிகழ்ந்தது. எல்லைப்புறத்தில் இவற்றோடு மொழியும் ஒரு தடையாயிற்று. கேரள ஆட்சிமொழிச் சட்டம் (1969) தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுக்கு எழுதவும் அம்மொழியிலேயே விடை பெறவும் வழிசெய்துள்ளது. எனினும் விண்ணப்பம் எழுதுவதும் வரவுசெலவுக் கணக்கைப் படித்து ஐயம் எழுப்புவதும் வெவ்வேறு திறன்கள். திட்ட ஆவணம் மலையாளத்தில் இருக்க, வாக்காளர் தமிழில் மட்டுமே படிக்க அறிந்திருந்தால், பொதுப்பணத்தின் மீதான அவருடைய உரிமை இடையில் நின்று எடுத்துரைப்பவரைச் சார்ந்ததாகிவிடுகிறது.

பெருமாட்டி: மறுக்கும் உரிமை

சித்தூர்ப் பகுதியின் ஆற்றுநீர் இரு மாநில அரசுகளின் உடன்படிக்கைக்கு உட்பட்டது. 1970இல் கையெழுத்தான பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தத்தின்படி மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் கேரளத்திற்கு வரவேண்டும். அதன் அளவும் காலமும் ஊரார் கையில் இல்லை. ஊரின் கைக்கு எட்டிய நீர் கிணற்று நீர் ஒன்றே. பெருமாட்டி ஊராட்சியின் வழக்கை இப்பின்னணியில் வைத்தே நோக்க வேண்டும்.

2000ஆம் ஆண்டில் பெருமாட்டி ஊராட்சிக்கு உட்பட்ட பிளாச்சிமடையில் 34 ஏக்கர் நிலத்தில் கொக்கோ கோலா குளிர்பான ஆலை செயற்படத் தொடங்கியது. அதற்கு உரிமம் வழங்கியதும் அதே ஊராட்சிதான். தொழிற்சாலை வந்தால் வேலையும் வரியும் வரும் என்பதே அன்றைய பொதுவான எதிர்பார்ப்பு. விரைவிலேயே சுற்றுவட்டாரக் கிணறுகளில் நீர் குறைந்தது, எஞ்சிய நீரும் குடிக்கத் தகாததாயிற்று என்னும் முறையீடுகள் எழுந்தன. எரவாளர், மலசர் முதலிய பழங்குடியினரின் குடியிருப்புகளே முதலில் துன்புற்றன. 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாயிலில் தொடர் போராட்டம் தொடங்கியது. எரவாளர் சமூகத்தைச் சேர்ந்த மயிலம்மா (மறைவு 2007) அதன் முகமாக விளங்கினார். உழவர்க்கு உரமென வழங்கப்பட்ட ஆலைக்கழிவில் காட்மியமும் ஈயமும் இருந்ததை 2003இல் பி.பி.சி. வானொலி இங்கிலாந்து ஆய்வகச் சோதனையின் வழி வெளிப்படுத்தியது.

2003 ஏப்ரலில் ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. ஆலையின் வழி வந்த வருவாயை இழக்க நேரும் என்பதை அறிந்தே எடுத்த முடிவு அது. மாநில அரசு அம்முடிவை நிறுத்திவைத்தது. வழக்கில் 2003 டிசம்பர் 16 அன்று தீர்ப்பளித்த உயர்நீதிமன்றத் தனிநீதிபதி, நிலத்தடி நீர் பொதுச்சொத்து என்றும் அதனைக் காப்பது ஊராட்சியின், அரசின் கடமை என்றும் கூறினார். 2005 ஏப்ரலில் இருநீதிபதிகள் அமர்வு வேறு நிலைப்பாட்டை எடுத்து, நாளொன்றுக்கு 5 இலட்சம் லிட்டர் வரை எடுக்க இசைந்தது. ஆயினும் 2004 மார்ச்சில் நின்ற உற்பத்தி பின்னர்த் தொடரவில்லை. ஆலையை மீண்டும் இயக்கும் எண்ணமில்லை என நிறுவனம் 2017இல் உச்சநீதிமன்றத்தில் தெரிவித்தது. 2010இல் உயர்நிலைக் குழு இழப்பை 216.26 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. இழப்பீட்டுக்கெனத் தனித் தீர்ப்பாயம் அமைக்க 2011இல் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதா குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெறவில்லை.

வருவாயைப் பெருக்குவதே தற்சார்பு என்னும் வழக்கமான பொருள் இங்குத் தலைகீழாகிறது. ஊராட்சி தன் வருவாயைக் குறைத்துக்கொண்டு தன் வளத்தைக் காத்தது. அவ்வாறு செய்ய இயன்றதற்கு மேலிருந்து வந்த திட்ட நிதியும் ஒரு காரணம் என்பது கருதத்தக்கது. ஆலை வரியை மட்டுமே நம்பியிருந்த ஊராட்சிக்கு மறுக்கும் துணிவு எளிதில் வாய்த்திராது. அரசின் நிதியும் உள்ளூர்த் தற்சார்பும் பகைப்பொருள்கள் என்னும் கருத்தை இவ்வழக்கு ஐயத்திற்கு உள்ளாக்குகிறது.

மூணாறு: இரு ஆட்சிகளின் நடுவே

தேவிகுளத்தின் நிலை வேறு. 1877இல் பூஞ்ஞாற்று அரசர் ஜான் டேனியல் மன்றோவிற்கு அளித்த குத்தகையிலிருந்து வளர்ந்த தோட்டப் பெருநிலத்தில் வீடும் மருத்துவமும் நிறுவனத்தின் பொறுப்பாயின. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமும் இப்பொறுப்பை உடைமையாளர் மீதே சுமத்தியது. ஊராட்சி வந்தபின் தொழிலாளி இரு ஆட்சிகளின் குடியானார். லயத்தின் கூரை ஒழுகினால் அது நிறுவனத்தின் வேலை. பொதுப்பணத்தைத் தனியார் நிலத்தில் செலவிடுவதில் ஊராட்சிக்குத் தடைகள் இருந்தன. சொந்த மண்ணில்லாத குடும்பம், வீடு கட்டும் அரசுத் திட்டங்களில் எளிதில் இடம்பெற இயலாது. பணி ஓய்வு பெற்றால் லயத்தையும் விட்டு வெளியேற வேண்டும். தலைமுறைகளாக வாக்களித்தும் ‘வந்து செல்வோர்’ என்னும் பழைய நிலை இவ்வாறு நீடித்தது.

2005 ஏப்ரலில் டாட்டா தேயிலை நிறுவனம் தோட்டங்களைக் கண்ணன் தேவன் மலைத் தோட்ட நிறுவனத்திடம் ஒப்படைத்தது. பன்னீராயிரத்திற்கும் மேற்பட்ட பணியாளர் அதன் பங்குதாரராயினர். தொழிலாளரே உடைமையாளர் என்னும் வகையில் இது தற்சார்பின் முன்மாதிரியாகப் பேசப்பட்டது. பத்து ஆண்டுகளுக்குப்பின், 2015 செப்டம்பரில், முந்தைய ஆண்டினும் குறைவாக 10 விழுக்காடு போனஸ் அறிவிக்கப்பட்டபோது கொழுந்து பறிக்கும் பெண்கள் வேலையை நிறுத்தி மூணாற்றுச் சாலையில் அமர்ந்தனர். ‘பெம்பிளை ஒருமை’ எனப் பெயர்பெற்ற அவ்வியக்கம் எல்லாத் தொழிற்சங்கங்களையும் விலக்கிவைத்தது. ஒன்பது நாள்களுக்குள் 20 விழுக்காடு என்னும் கோரிக்கை ஏற்கப்பட்டது. 232 ரூபாய் நாள்கூலியை 500 ஆக உயர்த்தும் கோரிக்கை மட்டும் 301 ரூபாயில் முடிந்தது. பங்குப்பத்திரம் கையில் இருந்தும் முடிவெடுக்கும் இடத்தில் தாம் இல்லை என்பதே பெண்கள் எழுப்பிய முறையீட்டின் உட்பொருள்.

நவம்பரில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் இவ்வியக்கம் தனித்து நின்றது. கோமதி அகஸ்டின் நல்லதண்ணிப் பிரிவிலிருந்து தேவிகுளம் ஊராட்சி ஒன்றியத்திற்குத் தேர்வானார். வென்ற இடங்கள் சிலவே. இயக்கமும் பின்னர்ப் பிளவுற்றது. எனினும் கூலிப் போராட்டம் நடத்தியோர் உடனடியாக ஊராட்சிக்கு வாக்குக் கேட்டது பொருள் பொதிந்தது. கூலியால் தீராத வீடும் நிலமும் பொதுப்பணத்தால்தான் தீரும் என்னும் தெளிவு அதில் உள்ளது. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் நிலச்சரிவு லயங்களை மூடி 70 உயிர்களைக் கவர்ந்தபோது, தொழிலாளியின் கூரைக்கு யார் பொறுப்பு என்னும் வினா மீண்டும் எழுந்தது.

இதே வட்டத்தில் முதுவர் குடிகளுக்கென 2010இல் இடமலைக்குடி ஊராட்சி உருவானது. கேரளத்தின் முதற் பழங்குடி ஊராட்சி இது. சாலை இன்மையால் அதன் அலுவலகம் நெடுங்காலம் தேவிகுளத்திலிருந்தே இயங்கியது. தம் ஊராட்சிக்கு மனுக் கொடுக்க மக்கள் காட்டைக் கடந்து நடக்க வேண்டியிருந்தது. அதிகாரம் எழுத்தில் வந்தாலும் அதனை எட்டும் வழிக்குத் தனியே செலவிட வேண்டும் என்பதற்கு இது சான்று.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வருவன புலனாகின்றன. எல்லைப்புற மக்கள் தற்சார்பு என்பதை அரசின் பணமின்றி வாழ்தல் எனப் பொருள் கொள்ளவில்லை. அப்பணம் எங்கே, எதற்கு, யார் சொல்லிச் செலவாக வேண்டும் என முடிவு செய்வதையே அவர்கள் தற்சார்பாகக் கருதினர். பெருமாட்டியில் அது வருவாய் தரும் ஆலையை மறுக்கும் உரிமையாகவும், மூணாற்றில் தம் பெயரில் பேசுவோரை விலக்கித் தாமே பேசும் உரிமையாகவும் வெளிப்பட்டது. இரு நிகழ்வுகளிலும் முன்நின்றோர் நிலமற்ற பெண்களே என்பது குறிப்பிடத்தக்கது.

இவ்வுரிமைகள் முழுமை பெறவில்லை. பிளாச்சிமடை மக்கள் ஆலையை நிறுத்தினர், இழப்பீடு பெறவில்லை. தோட்டப் பெண்கள் போனஸ் பெற்றனர். கேட்ட கூலியைப் பெறவில்லை. ஊராட்சி ‘வேண்டாம்’ எனச் சொன்ன சொல் நிலைபெற நீதிமன்றமும், ‘வேண்டும்’ எனக் கேட்ட வீடு கிடைக்க நிலவுரிமையும் தேவைப்பட்டன. கணக்கு மக்கள் மொழியில் படிக்கப்படுவதும், லயத்துக் குடும்பத்திற்குச் சொந்த மண் கிடைப்பதும், ஊராட்சியின் மறுப்பு மேலிருந்து எளிதில் நீக்கப்படாதிருப்பதும் நிறைவேறும் அளவிற்கே இவ்வெல்லைப்புறத்தில் உள்ளாட்சி என்னும் சொல் பொருள் பெறும்.