மயிர் வளரக் காத்திருந்த துறவி

துறவின் அடையாளமாகத் தலைமயிரை நீக்குதல் பல சமயங்களுக்கும் பொதுவானது. ஆயின் 7ஆம் நூற்றாண்டின் மேலைக் கிறித்தவத்தில், மழித்தலைக் காட்டிலும் மழித்த வடிவமே பெரும் பிணக்கிற்குரியதாயிற்று. உரோமத் துறவியர் உச்சியை மழித்து, சுற்றிலும் முள்முடி போல மயிர்வளையம் விட்டனர். இது பேதுருவின் மரபு எனப்பட்டது. கீழைத் திருச்சபையினர் பவுலின் பெயரால் தலை முழுவதையும் மழித்தனர். அயர்லாந்துத் துறவியரோ முன்தலையை மட்டும் மழித்தனர். மாற்றார் அதனை மந்திரவாதி சீமோனின் கோலம் என இகழ்ந்தனர்.

664இல் இங்கிலாந்தின் விட்பியில் கூடிய அவை, உயிர்ப்புப் பெருவிழாவின் நாளைக் குறித்தே முதன்மையாக வாதிட்டது. எனினும் தலைக்கோலமும் உடன் நின்றது. மன்னன் ஓசுவியு உரோம வழக்கை ஏற்கவே, அயர்லாந்து மரபினரான ஆயர் கோல்மன் தம்மைச் சார்ந்தோருடன் லிண்டிசுபார்ன் மடத்தை விட்டு வெளியேறினார். அதுவும் ஒருவகைத் துறவுதானே!

அடுத்துக் காண்டர்பரியின் பேராயராகத் தெரிவு செய்யப்பெற்ற தார்சு நகரத் தியோடோரின் நிலை இன்னும் வியப்புக்குரியது. கீழை முறைப்படி முற்றும் மழித்திருந்தமையால், உரோம வளையம் அமைக்க அவர் தலையில் மயிரே இல்லை! அது வளரும்வரை அவர் நான்கு திங்கள் காத்திருந்தார் என்கிறது, பீட் என்னும் துறவி எழுதிய வரலாறு. அதன் பின்னரே 668 மார்ச்சில் அவர் திருநிலைப்படுத்தப்பட்டார்.

கத்தோலிக்கத் திருச்சபையில் குருநிலைக்கு நுழைவாயிலாக நீடித்த இச்சடங்கை, 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் நீக்கினார்.