ஹொஃப்மனின் அற்புதக் கதைகளும் திறனாய்வாளரும்

ஜேர்மன் எழுத்தாளர் ஈ. ரி. ஏ. ஹொஃப்மனின் (1776–1822) அற்புதக் கதைகள் பெற்ற வரவேற்பினை ஆராயப் புகுவோர் விசித்திரமானதோர் உண்மையை எதிர்கொள்வர். அவர் காலத்தையடுத்து வந்த பெருந் திறனாய்வாளர் சிலர் அவரை நோயாளியாகவே கண்டனர். அக்கதைகளின் சமூகப் பொருளை வெகு துல்லியமாக விளங்கிக் கொண்டவர்கள் பிரஷ்யப் பொலிஸாரே. யதார்த்தத்துக்கும் அற்புதப் புனைவுக்கும் உள்ள உறவுபற்றிச் சிந்திப்போர் இதனைப் புறக்கணித்தல் இயலாது.

கேனிக்ஸ்பேர்க்கிற் பிறந்த ஹொஃப்மன் தொழிலால் நீதித்துறை சார்ந்தவர், இசையமைப்பாளருங்கூட. 1806இல் நெப்போலியனின் படைகள் வார்சோவிற் புகுந்தபோது பதவியிழந்து, பாம்பேர்க் நாடக அரங்கிற் பணியாற்றி, 1814இற் பேர்லினுக்குத் திரும்பி மீண்டும் நீதித்துறையிற் சேர்ந்தார். பகலில் வழக்கேடுகளைப் படித்த அதே மனிதரே இரவில் 'மணல் மனிதன்' (1816), 'குட்டி சாக்கஸ்' (1819) முதலிய கதைகளை எழுதினார். பின்னைய கதையில், அருவருப்பான குள்ளனொருவன் ஒரு தேவதையின் வரத்தினாற் பிறர் சாதனைகளுக்குரிய புகழனைத்தையும் தனதாக்கி அமைச்சனாகின்றான். அந்நாட்டில் அறிவொளி இயக்கமே அரச கட்டளையால் நடைமுறைக்கு வருகின்றது; தேவதைகள் நாடுகடத்தப்படுகின்றனர்! குட்டி இராச்சியங்களாகச் சிதறுண்டு கிடந்த ஜேர்மனியின் அதிகாரவர்க்கத்தை இதைவிடக் கூர்மையாக எள்ளி நகையாடிய கதைகள் சிலவே எனலாம்.

ஆயினும், 1827இல் ஆங்கிலச் சஞ்சிகையொன்றில் விரிவாக எழுதிய சேர் வோல்ற்றர் ஸ்கொற், 'மணல் மனிதன்' கதையை எடுத்துக்கூறிவிட்டு, இத்தகையவற்றுக்கு வேண்டியது விமர்சனமன்று, மருத்துவமே என்ற கருத்துப்பட முடித்தார். கதே இத்தீர்ப்பை வரவேற்று ஜேர்மன் வாசகருக்கும் எடுத்துரைத்தார். 'செவ்வியல் ஆரோக்கியமானது, கற்பனாவாதம் நோயுற்றது' என்ற அவரது பிரசித்தமான பாகுபாடும் இக்காலத்ததே. ஸ்கொற்றின் எழுத்துக்களிலும் ஆவிகளும் அமானுஷ்யங்களும் உண்டு என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. எனவே அவருடைய ஆட்சேபம் அமானுஷ்யத்தின்மீதன்று. பழங்கதைகளிலும் பாழடைந்த கோட்டைகளிலும் அது அடங்கிக் கிடக்கும்வரை அவருக்குச் சம்மதமே. ஹொஃப்மனோ அதனைத் தெருவுக்குக் கொண்டுவந்தார். 'பொற்கலயம்' (1814) கதையிற் சூனியக்காரி டிறெஸ்டன் நகர வாயிலில் அப்பிள் விற்கின்றாள். வாசகன் வாழும் அதே சமூகம் விகாரமுற்றுத் தோன்றியதே திறனாய்வாளரைக் கலங்கச் செய்தது என்பது எமது துணிபு.

பிரான்சில் 1829 முதல் வெளிவந்த மொழிபெயர்ப்புக்கள் அவரைப் பெரும்புகழுக்குரியவராக்கின. கற்பனாவாத இயக்கத்தைக் கண்டித்து நூலெழுதிய ஹைனே நுணுக்கமான வேறுபாடொன்றைக் கண்டார். நோவாலிஸ் வானத்தில் மிதக்க, ஹொஃப்மன் தம் கோர முகங்கள் அனைத்தோடும் மண்ணைப் பற்றி நின்றார் என்பது அவர் கருத்து. எனினும் மருத்துவர் பற்றிய அப்பழைய கூற்றை ஹைனேயாலுங்கூட முற்றாகக் கைவிட முடியவில்லை.

இனிப் பொலிஸாரின் வாசிப்பைக் காண்போம். 1819இல் எழுத்தாளர் கொற்செபூ கொலையுண்டதையடுத்து, கார்ல்ஸ்பாட் ஆணைகளின் துணையோடு மாணவரும் தேசியவாதிகளும் வேட்டையாடப்பட்டனர். விசாரணை ஆணைக்குழுவின் உறுப்பினராக நியமிக்கப்பெற்ற ஹொஃப்மன், எண்ணத்துக்காக ஒருவரைத் தண்டித்தலாகாது என்ற சட்டநிலையில் உறுதியாக நின்று, கைதாகிய யான் முதலியோரை விடுவிக்குமாறு வாதிட்டார். 'தெள்ளு எசமான்' என்ற நெடுங்கதையில் வரும் கினார்ப்பாந்தி என்ற அதிகாரி, குற்றவாளியை முதலிற் பிடித்துவிட்டாற் குற்றம் தானே வெளிப்படும் என்பான். எந்தப் பெண்ணும் காணாமற் போகாத ஊரிற் பெண் கடத்தலுக்கு ஒருவனைக் கைதுசெய்வான். கைதியின் நாட்குறிப்பிற் 'கொல்லும் சோம்பல்' என்ற பொருள்படும் சொல்லைக் கண்டு, அதிற் கொலையைக் குறிக்கும் பகுதியை மட்டும் அடிக்கோடிடுவான். இது வெறும் புனைவன்று. உண்மை வழக்கேட்டிலிருந்தே எடுக்கப்பட்டது.

பொலிஸ் அதிகாரி கம்ப்ற்ஸ் அக்கண்ணாடியிலே தம்மைக் கண்டுகொண்டார். 1822 ஜனவரியிற் பிராங்க்பேர்ட்டில் அச்சிலிருந்த கையெழுத்துப் படி கைப்பற்றப்பட்டது. உத்தியோக இரகசியத்தை வெளியிட்டதாக ஹொஃப்மன்மீது ஒழுக்காற்று நடவடிக்கை தொடங்கிற்று. பக்கவாதத்தாற் படுத்த படுக்கையிலிருந்தவாறே அவர் தம் எதிர்வாதத்தைச் சொல்லி எழுதுவித்தார். இது நகைச்சுவைக் கற்பனை மாத்திரமே என்பது அதன் சாரம். திறனாய்வாளர் அவரை இகழக் கையாண்ட 'வெறுங் கற்பனை' என்ற அதே எண்ணத்தை அவர் கேடயமாக ஏந்த நேர்ந்தமை அவல முரணே. தீர்ப்பு வருமுன், ஜூன் 25இல், அவர் காலமானார். நீக்கப்பட்ட பகுதிகள் 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே வெளிவந்தன.

முற்போக்கு விமர்சனம் அவரை அணுகியவிதமும் நேர்கோட்டிற் செல்லவில்லை. ருஷ்யாவிற் பெலின்ஸ்கி அவரைப் போற்றினார். 1921இற் பெத்ரோகிராட் இளம் எழுத்தாளர் தம் குழுவுக்கு அவரது 'செராப்பியன் சகோதரர்கள்' என்ற தொகுதியின் பெயரையே சூட்டினர். 1946இற் ஷ்தானொவ் சொஷ்செங்கோவைத் தாக்கியபோது அக்குழுவையும் சாடினார். கற்பனாவாதத்தைக் கடுமையாக மதிப்பிட்ட லூக்காச் ஹொஃப்மனுக்கு விலக்களித்தார். ஆனால் அவ்விலக்கைக் காஃப்காவுக்கு வழங்க அவர் விரும்பவில்லை.

1938–39இல் யதார்த்தவாதம் குறித்து லூக்காச்சோடு கடிதவழி வாதிட்ட அன்னா சேகர்ஸ், கிழக்கு ஜேர்மன் எழுத்தாளர் சங்கத் தலைவராயிருந்த காலத்தில், 1973இல், ஒரு சிறுகதையை வெளியிட்டார். 1822இல் மறைந்த ஹொஃப்மன், 1852இல் மறைந்த கோகல், 1883இற் பிறந்த காஃப்கா ஆகிய மூவரும் அதிற் பிராக் நகரக் கோப்பிக்கடையொன்றிற் சந்தித்து, எது யதார்த்தம் என்று உரையாடுகின்றனர். காலவழுவை அவர் மறைக்க முயலவேயில்லை.