தம்பிரான் முதல் கடவுள் வரை

"உங்களுக்கு எத்தனை சாமிங்க?"

காங்கேயத்தில் கடைவீதியிலோ களத்துமேட்டிலோ இக்கேள்வியை ஒருமுறையேனும் சந்திக்காத கிறிஸ்தவர் அரிது. கேட்பவர் பகைமையால் கேட்பதில்லை. அறியும் ஆவலால் கேட்கிறார். நம் இல்லங்களிலோ வேறொரு கேள்வி. பாட்டி 'சர்வேசுரா' என்று செபிக்கிறார்; பேரன் 'கடவுளே' என்கிறான். இருவரும் அழைப்பது ஒருவரைத்தானா? விழாக் கொண்டாடும் இவ்வேளையில் இதன் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

கடவுள் ஒருவரே என்பது திருச்சபையின் முதல் விசுவாசம். அதைக் காக்கவே அலெக்சாந்திரியா நகரின் குருவாகிய ஆரியுஸ் முற்பட்டார். ஆனால், மகன் தந்தையால் படைக்கப்பட்டவர் என்று போதித்துவிட்டார். படைக்கப்பட்டவர் நம்மை மீட்பது எங்ஙனம்? படைப்பை ஆராதிப்பது தகுமா? கி.பி. 325-ல் நிசேயாவில் கூடிய பொதுச்சங்கம், மகன் தந்தையோடு ஒரே பொருளானவர் என்று அறுதியிட்டது. 381-ல் கொன்ஸ்தாந்திநோபிளில் கூடிய சங்கம், தூய ஆவியாரும் அவர்களோடு ஒன்றாக ஆராதிக்கப்படுபவர் என்று அறிக்கையிட்டது. தேவர் மூவர் அல்லர். ஆட்கள் மூவர், கடவுள் ஒருவர்.

இவ்வுண்மையைப் பிற மொழிகளில் சொல்வது எளிதாக இருக்கவில்லை. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், 1549-ல் ஜப்பான் சென்றார். அங்கே கடவுளைக் குறிக்க 'தைநிச்சி' என்ற சொல்லை ஆண்டார். அது புத்த சமயத்தார் வணங்கும் ஒருவரின் பெயர் எனப் பின்னரே அறிந்து, அதைக் கைவிட்டு 'தேயுஸ்' என்னும் சொல்லையே வழங்கினார். ஒரு சொல் பிழைத்தால் போதனையே பிழைத்துவிடும் அன்றோ!

தமிழகத்திலும் சொல்லைத் தேடும் முயற்சி தொடர்ந்தது. இயேசு சபைக் குரு ஹென்றிக் ஹென்றிக்கஸ் 1578-ல் கொல்லத்தில் அச்சிட்ட நூலின் பெயர் 'தம்பிரான் வணக்கம்'. தம்பிரான் என்றால் தலைவன்; ஆனால் சைவ மடத்துத் துறவியருக்கும் அப்பெயர் உண்டு. 1606-ல் மதுரை வந்த தத்துவ போதகர், அனைத்திற்கும் ஆண்டவர் எனப் பொருள்படும் 'சர்வேசுரன்' என்னும் சொல்லைக் கையாண்டார். வீரமாமுனிவர் காலத்திலும் அதுவே வழங்கியது. பாட்டியின் செபம் அந்த வழியில் வந்ததே.

பிற சபையாரும் இவ்வாறே தேடினர். அதே 1606-ல் அல்ல, சரியாக நூறாண்டு கழித்து 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கும் முதலில் 'சருவேசுரன்' என்றே எழுதினார். பின் வந்த பப்ரிசியுஸ் 'பராபரன்' என்றார். 19-ஆம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பில் 'தேவன்' நிலைபெற்றது. தேவர் பலர் உள்ள நாட்டில் அச்சொல் தகுமா என்று வாதிட்டோரும் உண்டு.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் (1962–65) பின் நம் வழிபாடு தமிழில் மலர்ந்தது. 'சர்வேசுரன்' 'கடவுள்' ஆனார். 'பிதா, சுதன்' என்பன 'தந்தை, மகன்' ஆயின. 'இஸ்பிரீத்து சாந்து' 'தூய ஆவி' ஆயிற்று. இங்கே ஒரு சிக்கல். 'ஆவி' தமிழில் அஃறிணை. 'அது' என்றால் ஆள் என்னும் உண்மை மறைந்துவிடுமே! ஆகவே 'ஆர்' விகுதி சேர்த்துத் 'தூய ஆவியார்' என்றனர். 1995-ல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்திலும் இதனைக் காண்கிறோம். 381-ல் சங்கம் காத்த உண்மையை நம் தமிழ் இலக்கணமும் காத்து நிற்கிறது!

அன்பர்களே, நம் காங்கேயம் கன்று பிறக்கும்போது செந்நிறம். சில மாதங்களில் அந்நிறம் மாறிவிடும். நிறம் மாறியதால் வேறு கன்று என்று யாரும் சொல்வதில்லை. சொற்களும் அப்படியே. ஆகவே பாட்டியின் சொல்லைப் பேரன் எள்ள வேண்டாம். பேரனின் சொல்லைப் பாட்டி ஐயுற வேண்டாம்.

அண்டை வீட்டார் கேட்டால் என்ன சொல்வது? சிலுவை அடையாளம் வரையும்போது மூவரையும் சொல்கிறோம். ஆனால் 'பெயர்' என்பதை ஒருமையில், ஒரே முறைதான் சொல்கிறோம். அன்று முதல் இன்று வரை அந்த ஒருமை மாறவில்லை. "சாமி ஒருவர்தாங்க" என்று அன்போடு சொல்வோம். அந்த மூவொரு கடவுள் நம் பங்கை என்றும் காப்பாராக!